நட்புக்கும் ஒரு நாள் குறிப்போம்

தில்லியில் இருபது முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நம்மவர்களிடம், "உங்களுக்கு இங்கே எத்தனை பேரைத் தெரியும்?" என்று கேட்டால் விரல் விட்டு எண்ணி முடியாது. அலுவலகத்தில் நாற்பது பேர், காலனியில் முப்பது குடும்பங்கள், மலை மந்திரில் கிருத்திகைக்குக் கிருத்திகை பார்க்கும் முகங்கள், பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியில் பழக்கமான பெற்றோர்கள் என்று பட்டியல் நீளும். "நடு இரவில் நெஞ்சு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பலர் சற்று யோசித்துவிட்டு, சென்னையிலோ திருச்சியிலோ இருக்கும் தம்பியின் பெயரைச் சொல்வார்கள். தம்பி பாசக்காரர்தான். ஆனால் அவர் அடித்துப் பிடித்து விமானம் ஏறி வந்து சேர அரை நாள் ஆகிவிடும்.

தெரிந்தவர்கள் ஏராளம், நண்பர்கள் சொற்பம் என்ற இந்த நிலை நம்மில் பெரும்பாலான குடும்பங்களில் இருக்கிறது. வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். 1991-ல் திருமணமாகித் தில்லி வந்த நாள் முதல் இதை நான் பார்த்து வருகிறேன். எங்கள் பகுதியில் 2016 முதல் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு நடை, மாதம் ஒரு பழைய தமிழ்ப் படம் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் கண்டதையும், நட்பு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்தவர்கள் சொல்லியிருப்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தங்கள் பகுதியிலும் செய்து பார்க்க நினைக்கும் அன்பர்களுக்கு உதவியாக இருக்கும்.

படிக்கட்டும் நட்பும்

பள்ளியில் நமக்கு நண்பர்கள் எப்படிக் கிடைத்தார்கள்? யாரும் தேடிப் போகவில்லை. ஒரே பெஞ்சு, தினமும் அதே முகம், மணி அடித்த பிறகும் வீட்டுக்குப் போக அவசரமில்லாத மாலைப்பொழுது. இவை மூன்றும் சேர்ந்து நட்பை உண்டாக்கின. குணம் பொருந்தியதா இல்லையா என்ற ஆராய்ச்சியெல்லாம் பிற்பாடு வந்ததே.

இதை முறையாக ஆராய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர்களுக்கான குடியிருப்பில், யார் யாருக்கு நண்பர் என்று அவரும் இரண்டு சகாக்களும் கேட்டறிந்து 1950-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். அடுத்தடுத்த கதவு வீட்டுக்காரர்கள் அதிகம் நண்பர்களாகியிருந்தார்கள். நாலு வீடு தள்ளிப் போனாலே நட்பு குறைந்தது. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தவர்களுக்கு மாடிவீட்டு நண்பர்களும் கிடைத்திருந்தார்கள். காரணம் எளியது. அடிக்கடி எதிர்ப்பட்டார்கள், நின்று பேசினார்கள்.

நம் நிலைமையை எண்ணிப் பாருங்கள். கரோல் பாகில் ஒண்டுக் குடித்தனமாக இருந்த காலத்தில் படிக்கட்டிலேயே பாதி உறவு வளர்ந்தது. இன்று மயூர் விஹாரிலும் துவாரகாவிலும் நொய்டாவிலும் அடுக்குமாடிகளில் இருக்கிறோம். மின்தூக்கியில் நாற்பது வினாடி. அதற்குள் "சாப்பிட்டாச்சா?" என்பதற்கு மேல் என்ன பேச முடியும்?

அலுவலக நட்பு இருக்கிறதே என்பீர்கள். அது நாற்காலியோடு வருவது. மாற்றல் வந்தாலோ, ஓய்வு பெற்றாலோ, பெரும்பாலும் நாற்காலியோடேயே போய்விடுகிறது. ஓய்வு பெற்ற முதல் வாரம் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பவர் மட்டும்தான் கூப்பிடுகிறார் என்று எங்கள் குழுவில் ஒரு பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்தாலும் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தனை மணி நேரம் ஆகும்?

நட்புக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட முடியுமா? போட்டிருக்கிறார்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாக ஓர் ஊருக்குக் குடிவந்த பெரியவர்களையும், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களையும் கேட்டு எழுதியது. வெறும் அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நண்பர் என்று தயங்காமல் சொல்ல 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சேர்ந்து வேலை செய்யும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை. சேர்ந்து பொழுது போக்கும் நேரமே சேர்கிறது.

இந்த எண்கள் அமெரிக்கர்களைக் கேட்டு வந்தவை. நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஒரு நடை, வழிப்பயணமும் சிற்றுண்டியும் சேர்த்து 4 மணி. மாதம் ஒரு படம், சாப்பாடும் பேச்சும் சேர்த்து 5 மணி. ஆக மாதம் 9 மணி நேரம். ஆறு மாதத்தில் 54 மணி, பத்து மாதத்தில் 90 மணி, இருபத்திரண்டு மாதத்தில் 198 மணி. முதல் ஆண்டு முடிவதற்குள் நண்பர்கள், இரண்டாம் ஆண்டு முடியும்போது நெருங்கிய நண்பர்கள். எங்கள் அனுபவமும் ஏறக்குறைய இதை ஒட்டியே இருந்தது.

இப்படிக் கணக்குப் பார்ப்பதால் ஒரு நன்மை உண்டு. மூன்றாண்டு மாற்றலில் தில்லி வரும் குடும்பம், "கொஞ்சம் செட்டில் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்றரை ஆண்டைக் கழித்துவிட்டால், மீதி ஒன்றரை ஆண்டில் நெருங்கிய நட்பு கனிவது கடினம். சாமான் மூட்டையைப் பிரிக்கும் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும்.

பிசிராந்தையார் நேரில் பாராமலே கோப்பெருஞ்சோழனுக்கு உயிர் நண்பரானவர் ஆயிற்றே, மணிக்கணக்கு எதற்கு என்று தமிழறிந்த அன்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பாண்டி நாட்டுப் புலவரும் உறையூர் மன்னரும் சந்திக்காமலே கொண்ட நட்பு அரியது என்பதால்தான் இரண்டாயிரம் ஆண்டாகப் பேசுகிறோம். திருவள்ளுவரும் 79-ஆவது அதிகாரம் முதல் 83 வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கு ஒதுக்கி, அதில் ஒன்றுக்குப் பழைமை என்றே பெயரிட்டிருக்கிறார். நம்மைப் போன்றவர்களுக்குப் பழகிப் பழகித்தான் வரும்.

ஆண்டு விழா போதாதா?

நம் சங்கங்கள் பொங்கல் விழா, சித்திரைத் திருநாள், நாடகம், பட்டிமன்றம் என்று நடத்துகின்றன. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-ல் தொடங்கியது முதல் எத்தனையோ தலைமுறைகளுக்குத் தமிழ் கேட்கும் இடமாக இருந்து வருகிறது. அந்தப் பணி வேறு. அரங்கத்தில் நானூறு பேர் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்து நாற்காலிக்காரர் யாரென்று தெரியாமலே மூன்று மணி நேரம் கைதட்டிவிட்டு வருகிறோம். விழாவில் அறிமுகம் கிடைக்கும். அந்த அறிமுகம் வளர வேண்டுமானால் அதே பத்துப் பதினைந்து பேர் திரும்பத் திரும்பக் கூடுவதற்கு ஓர் ஏற்பாடு வேண்டும். விழாவின் பலனை வீட்டுக்குக் கொண்டு வரும் வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து நடப்போம்

முதல் ஏற்பாடு நடை. "வீட்டுக்கு வாங்களேன்" என்று அழைப்பதில் நம் குடும்பங்களில் ஒரு சங்கடம் உண்டு. கூடத்தை ஒழுங்குபடுத்த வேண்டும், நாலு பலகாரம் செய்ய வேண்டும், வந்தவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேச்சு வராமல் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. இருவரும் முன்னே பார்த்துக்கொண்டு போகிறோம். பேச்சு நின்றாலும் கால் நடந்துகொண்டிருக்கும். மௌனம் உறுத்துவதில்லை. கூச்ச சுபாவமுள்ளவர்கள்கூட அரை மைல் நடந்த பிறகு தாமாகப் பேசுகிறார்கள்.

இடத்துக்குத் தில்லியில் பஞ்சமில்லை. நாங்கள் தொடங்கியது லோதி தோட்டத்தில். கட்டணம் கிடையாது. ஜோர் பாக் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போய்விடலாம். 1936-ல் வைஸ்ராயின் மனைவி லேடி வில்லிங்டன் பெயரில் திறக்கப்பட்ட பூங்கா, சுதந்திரத்துக்குப் பின் லோதி தோட்டமாயிற்று. உள்ளே முகமது ஷா சையதின் கல்லறையும் சிக்கந்தர் லோதியின் கல்லறையும் இருக்கின்றன. வயதானவர்கள் உட்கார்ந்து இளைப்பாற இடம் நிறைய உண்டு. முதல் நடைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது குதுப் மினார் வளாகம். எல்லோரும் ஊரிலிருந்து வரும் விருந்தினரை அழைத்துக்கொண்டு பத்துத் தடவை போயிருப்போம். ஆனால் அங்கே மினாருக்குத் தெற்கே செங்கல்லும் வெண்பளிங்கும் கலந்தது போலச் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் அலாய் தர்வாசா என்ற கல் வாயிலை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? அலாவுதீன் கில்ஜி அதைக் கட்டியது 1311-ல். அதே 1311-ல்தான் அவருடைய தளபதி மாலிக் காபூரின் படை மதுரை வரை வந்து திரும்பியது. எங்கள் குழுவில் மதுரைக்காரர் ஒருவர் இதைச் சொன்னபோது, இருபத்தைந்து ஆண்டு தில்லியில் இருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று எல்லோரும் அந்த வாயிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெட்ரோவில் திரும்பி வரும்போதும் அதே பேச்சுத்தான். இப்படி ஒரு செய்தி கிடைத்துவிட்டால் பேச்சுக்கு வேறு முயற்சியே தேவையில்லை.

அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். ஒவ்வொரு நடைக்கும் ஒருவர் முன்கூட்டிப் படித்துவிட்டு வந்து, அந்த இடத்தைப் பற்றிப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் வேறொருவர். வீட்டில் பேச வாய்ப்பில்லாத பெண்களும், பத்தாம் வகுப்புப் பையன்களும்கூட அருமையாகச் சொல்கிறார்கள். மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் 1506-ல் கட்டப்பட்ட ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு, துக்ளகாபாத் கோட்டை, ஹௌஸ் காஸ் ஏரிக்கரை, 2018-ல் மக்களுக்குத் திறக்கப்பட்ட சுந்தர் நர்சரி என்று சுற்றியிருக்கிறோம்.

சில நடைமுறைகள். பஸ் அமர்த்தாதீர்கள். பணம் வசூல், வராதவர் கணக்கு என்று மனக்கசப்பில் முடியும். மெட்ரோ நிலையத்தில் இன்ன வாயில், இன்ன நேரம் என்று சொல்லிவிட்டுப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்திராமல் கிளம்பிவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே ஒரு டப்பா. எலுமிச்சைச் சாதமோ, மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ, கடையில் வாங்கிய பிரெட்டோ, எதுவானாலும் சரி. போட்டி போட்டுக்கொண்டு பலகாரம் செய்யத் தொடங்கினால் மூன்றாவது மாதம் யாரும் வரமாட்டார்கள். போகும்போது ஒருவருடன் நடந்தால் திரும்பும்போது வேறொருவருடன் நடக்க வேண்டும் என்பதும் எங்கள் விதி.

காலநிலையை மறக்கக் கூடாது. அக்டோபரிலும் பிப்ரவரி, மார்ச்சிலும் நடை சுகம். டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் விலகிப் பதினொரு மணிக்குக் கிளம்புகிறோம். நவம்பரில் புகைமூட்டம் மோசமானால் மூச்சுத் தொல்லை உள்ளவர்களை வெளியே இழுக்காமல் யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். மே, ஜூனில் விடியற்காலை ஐந்தரைக்கு நடந்து எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுகிறோம்.

பழைய படம் எதற்கு?

இரண்டாவது ஏற்பாடு படம். 1993-ல் சன் டி.வி. வருவதற்கு முன், இங்கே தமிழ்ப் படம் பார்ப்பதே கூட்டுக் காரியமாக இருந்தது என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஏதோ ஒரு தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி என்றால் காலனியே கிளம்பும். தூர்தர்ஷனில் ஞாயிறு மதியம் மாநில மொழிப் படம் போடுவார்கள். எப்போதோ ஒரு முறை தமிழின் முறை வரும்போது, டி.வி. இருக்கும் வீட்டில் பாய் விரித்து இருபது பேர் உட்காருவோம். பிறகு தமிழ் வாய்க்கால் வீட்டுக்கு வீடு வந்தது, அதன்பின் கைக்குள்ளேயே வந்துவிட்டது. இன்று கணவர் ஒரு படம், மனைவி ஒரு தொடர், பிள்ளை வேறொன்று என்று ஒரே வீட்டில் மூன்று திரை.

சேர்ந்து பார்க்கப் பழைய படமே ஏற்றது என்பதற்குக் காரணம் உண்டு. புதிய படத்தில் எல்லோருக்கும் கதைதான் குறி. பழைய படத்தில் கதை தெரியும். அதனால் கவனம் ஒருவருக்கொருவர் திரும்புகிறது. அதோடு, அது ஆளுக்கொரு நினைவைக் கிளப்பும். எங்கள் கூட்டத்தில் படம் தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இந்தப் படத்தை முதன்முதலில் எங்கே, யாரோடு பார்த்தீர்கள்?"

இந்த ஒரு கேள்வி செய்யும் வேலையைச் சொல்லி முடியாது. ஒருவர் டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்ததைச் சொல்வார். இன்னொரு அம்மாள், திருமணமாகி முதன்முதலாகக் கணவரோடு தனியாக வெளியே போனது இந்தப் படத்துக்குத்தான் என்பார். தில்லியிலேயே பிறந்த இளைஞர், தாத்தா இந்தப் பாட்டை முணுமுணுப்பார், படத்தை இன்றுதான் பார்க்கிறேன் என்பார். ஒருவருடைய ஊர், இளமை, இழந்த மனிதர்கள் எல்லாம் அவர் விருப்பப்பட்ட அளவுக்குத் தானே வெளியே வரும்.

எந்தப் படங்கள்? எங்களுக்கு நன்றாக அமைந்த சிலவற்றைச் சொல்கிறேன். எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத படம். ஒரு கொலையைச் சுற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால், முடிந்ததும் விவாதம் தானே தொடங்கும். சிரிக்க ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தில் மூன்று தலைமுறையும் சேர்ந்து சிரிக்கும். கே. பாலசந்தரின் 'பாமா விஜயம்' (1967), பக்கத்து வீட்டுக்கு நடிகை குடிவந்ததும் வரவுக்கு மீறிச் செலவு செய்யும் குடும்பத்தின் கதை. கிரெடிட் கார்டு காலத்துக்கும் பொருந்துகிறது. அவருடைய 'எதிர்நீச்சல்' (1968) பல குடித்தனங்கள் உள்ள ஒரே வீட்டுக் கதை. கரோல் பாக் வாழ்க்கையை நினைவுபடுத்தும். ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதசுரத்தை நல்ல ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். வேலைக்குப் போகும் மூத்த மகளின் பாரத்தைச் சொல்லும் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) முடிந்த அன்று பெண்கள்தான் அதிகம் பேசினார்கள். பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) கடன் வாங்கி வீடு கட்டும் கதை. நொய்டாவில் பிளாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுச் சாவிக்குக் காத்திருந்தவர்கள் அன்று இரவு பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை.

படக் காட்சியை நடத்தும் முறை

சிறிய புரொஜெக்டர் ஒன்று, சுருக்கமில்லாத வெள்ளை வேட்டி அல்லது சுவர், தனி ஒலிபெருக்கி. இவை போதும். பழைய படங்களில் ஒலி மங்கலாக இருக்கும் என்பதால் படத்தைவிட ஒலிக்கு அதிகம் கவனம் கொடுங்கள். இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும், வங்காளி மருமகளுக்கும், பஞ்சாபி அண்டை வீட்டாருக்கும் புரிய ஆங்கில வசன வரிகள் உள்ள பிரதியாகப் பார்த்து முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால், இடைவேளையில் தயிர்சாதமும் ஊறுகாயும், ஒன்பது மணிக்குள் படம் முடிந்துவிடும்.

முடிந்த உடனே விளக்கைப் போட்டு, நாற்காலிகளை வட்டமாகத் திருப்பிவிடுங்கள். இந்த அரைமணிப் பேச்சுக்காகத்தான் படமே. அது இல்லாவிட்டால் சேர்ந்து டி.வி. பார்த்ததாகத்தான் ஆகும். இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. 1947-ல் சத்யஜித் ராய் முதலானோர் தொடங்கிய கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியிலும், பின்னர் நாடெங்கும் ஏற்பட்ட திரைப்படச் சங்கங்களிலும், படம் பார்ப்பதும் பார்த்ததைப் பேசுவதும் சேர்ந்தே நடந்தன. நாங்கள் கேட்கும் கேள்வி சாதாரணமானது: "இந்தப் படத்தில் வருகிற யார் உங்கள் வீட்டில் இருக்கிறார்?" பதில் சொல்லாதவர்களை வற்புறுத்துவதில்லை.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். 1964-ல் வெளியான படத்துக்கு அது 2024 இறுதியோடு முடிந்தது. ஆனால் கதைக்கும் பாடலுக்கும் இசைக்கும் ஆக்கியவரின் ஆயுளையும் அதன்பின் 60 ஆண்டுகளையும் கணக்கிட்டுத் தனி உரிமை உண்டு. ஆகவே வீட்டில் நண்பர்களோடு பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மண்டபம் எடுத்து, கட்டணம் வாங்கிக் காட்டுவதானால் உரிமையாளரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்றுவிடுங்கள்.

கேட்கக் கூடாத கேள்வி

நம்மவர்கள் இருவர் சந்தித்தால் மூன்றாவது கேள்வி என்ன என்பது நமக்கெல்லாம் தெரியும். "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊரில் எந்தத் தெரு?", "அந்தத் தெருவில் யார் வீடு?" என்று போகும். கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார் என்பது கேட்கப்படுபவருக்கு நன்றாகப் புரியும். இந்தக் கேள்விக்கு அஞ்சியே தமிழ்க் கூட்டங்களுக்கு வராமல் ஒதுங்கிவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் வந்த பிறகும் அதே தெருவில் நிறுத்திக் கேட்டால், அவர்கள் ஏன் வர வேண்டும்?

எங்கள் குழுவில் தெரு கேட்பதில்லை. அதுபோலவே சம்பளம், பிள்ளையின் மதிப்பெண், "இன்னும் விசேஷம் இல்லையா?" ஆகியவையும் கிடையாது. கட்சி அரசியல் படத்தோடு வந்தால் படத்தோடு முடிய வேண்டும். முதலில் சிலர் இதென்ன கட்டுப்பாடு என்றார்கள். இன்று அவர்களே புதிதாக வருபவர்களுக்கு எடுத்துச் சொல்கிறார்கள். பழைய படத்தைப் பற்றிய அந்தத் தொடக்கக் கேள்வி இங்கே பெரிய உதவி. தெருவைக் கேட்காமலே மனிதரைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

வீட்டில் இருக்கும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ திருமணமாகி வரும் பெண்ணுக்கு இந்தி தெரியாது. கணவருக்கு அலுவலகம் இருக்கிறது. இவளுக்குக் காய்கறி வண்டிக்காரர் மட்டும்தான் பேச்சுத் துணை. இவர்களை அழைக்கும்போது கணவரிடம் சொல்லியனுப்பாமல் நேராக அந்தப் பெண்ணையே கூப்பிடுங்கள். முதல் இரண்டு முறை வீட்டுக்குப் போய் அழைத்து வாருங்கள். மூன்றாம் முறை அவளே முன்னால் நிற்பாள்.

2021-ல் தெரிந்தது

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலையில் தில்லி பட்ட பாடு யாரும் மறந்திருக்க முடியாது. ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசை, மருத்துவமனையில் படுக்கை இல்லை. எங்கள் கூட்டங்கள் ஓராண்டுக்கு மேல் நின்று போயிருந்தன. ஆனாலும் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு எந்த மருந்து என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. நடந்து நடந்து பேசியதில் தெரிந்தவை அவை. மூன்று பேர் சிலிண்டருக்கு அலைந்தார்கள். நாலு வீட்டில் முறை வைத்துச் சமைத்து, கணவன் மனைவி இருவரும் படுத்துவிட்ட வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தார்கள். அவர்கள் பிழைத்தார்கள்.

எல்லோரும் பிழைக்கவில்லை. வங்கியைப் பற்றிச் சொல்லிச் சிரித்த அந்தப் பெரியவரை இழந்தோம். வெளிநாட்டிலிருந்த மகனால் வர முடியவில்லை. சுடுகாட்டில் எங்கள் குழுவைச் சேர்ந்த இருவர் நின்று காரியத்தை முடித்தார்கள். பிறகு அவர் மனைவியை ஊருக்கு வந்துவிடும்படி உறவினர்கள் அழைத்தார்கள். அவர் போகவில்லை. "அங்கே எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். என்னைத் தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்" என்றார். இப்போது மாதாமாதம் எந்தப் படம் என்று முடிவு செய்வது அவர்தான்.

தொடங்க விரும்புவோர்க்கு

ஐந்து குடும்பம் கிடைத்தால் போதும். தலைவர், செயலாளர் தேர்தல் வேண்டாம். கூப்பிட்டுச் சொல்ல ஒருவர் இருந்தால் சரி, அந்தப் பொறுப்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். நாளை மட்டும் மாற்றாதீர்கள். முதல் ஞாயிறு நடை, மூன்றாம் சனி படம் என்றால் மழை பெய்தாலும் நாலு பேர் வந்தாலும் அன்றே நடக்க வேண்டும். எல்லோருக்கும் வசதியான நாளை வாட்ஸ்அப்பில் தேடத் தொடங்கினால் அந்த மாதம் போய்விடும். குழு இருபத்தைந்து பேரைத் தாண்டினால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் இரண்டு முறை தொடர்ந்து வராவிட்டால் யாராவது தொலைபேசியில் "உடம்பு சுகம்தானே?" என்று விசாரியுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வந்ததும், காலனியில் முகம் மட்டும் தெரிந்த இரண்டு குடும்பங்களின் கதவைத் தட்டி, அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஜோர் பாக் மெட்ரோ வாயிலுக்கு வரச் சொல்லுங்கள். ஆளுக்கொரு டப்பா கையோடு கொண்டு வந்தால் போதும்.